கட்டடத்தின் கஷ்டத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: வணக்கம் சார். நானும் என் கணவரும் நியூ ஜெர்சியில் பிசியோதெரபி கிளினிக் தொடங்கியிருக்கிறோம். எல்எல்சியாக (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) பதிவு செய்திருக்கிறோம். கடைகள் வரிசையாக இருக்கும் ஸ்ட்ரிப் மாலில் கடைசி யூனிட், ஹைவேயிலிருந்து சுமார் 260 அடி உள்ளே. எங்கள் வாசல் பார்க்கிங் லாட்டைப் பார்த்தபடி இருக்கிறது. ரோட்டைப் பார்ப்பது பக்கச் சுவர்தான், அதிலும் கீழ்ப்பாதியை முன்னால் இருக்கும் பேங்க் கட்டடம் மறைத்துவிடுகிறது. முன்பக்கம் 24 அடி அகலம் என்பதால் 24 சதுர அடியில் ஒரே ஒரு பெயர்ப்பலகைதான் வைக்கலாம் என்கிறது டவுன்ஷிப் (ஊர் நிர்வாகம்). இது தெரியாமல் 20 அடி நீளம், மூன்றரை அடி உயரத்தில் இரண்டு பலகைகளுக்கு ஆர்டர் கொடுத்து முன்பணமும் கட்டிவிட்டோம். நிலப் பயன்பாட்டு விதிகளைக் கவனிக்கிற ஜோனிங் ஆபீசர் பெர்மிட் தர மறுத்துவிட்டார். பலகை செய்பவரோ, "விதிவிலக்கு கேட்டு வேரியன்ஸ் போடுங்க, அது சும்மா ஃபார்மாலிட்டி" என்கிறார். நண்பர் ஒருவர், முதலில் மாட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதே மாலில் மருந்துக்கடையின் பலகை எங்களுடையதைவிடப் பெரியது. வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. முதல்முறை வருகிறவர்களில் பாதிப்பேர் வாசலைத் தவறவிட்டுவிட்டுப் போன் செய்கிறார்கள். ஆங்கிலப் பெயருக்குக் கீழே தமிழிலும் எழுத ஆசை. அதனால் மேலும் சிக்கல் வருமா? என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஆட்கள் கடைப் பலகையையும் "போர்டு" என்பார்கள். அதை அனுமதிக்கிற ஜோனிங் போர்டும் "போர்டு"தான். இந்தப் பதிலில் பலகை என்றால் பலகை. போர்டு என்றால், மாதத்தில் ஓரிரு மாலை வேளைகளில் டவுன்ஷிப் கட்டடத்தில் கூடி உங்கள் மனுவை விசாரிக்கிற ஏழு பேர்.

உங்கள் கடிதத்தில் பன்னிரண்டு வாக்கியங்களுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் போர்டுக்குப் பயன்படுபவை நான்குதான்: 260 அடி உள்ளே இருப்பது, வாசல் ரோட்டைப் பார்க்காமல் இருப்பது, பேங்க் கட்டடம் மறைப்பது, வருகிறவர்கள் வாசலைத் தவறவிடுவது. வாடகை, முன்பணம், மருந்துக்கடை, தெரியாமல் ஆர்டர் கொடுத்தது ஆகியவை உண்மையான கஷ்டங்கள்தாம். ஆனால் அங்கே அவற்றுக்கு மதிப்பில்லை. சில இடங்களில் அவை உங்களுக்கு எதிராகவே திரும்பும். வேரியன்ஸ் மனு தோற்பதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான். மனுதாரர் எழுந்து நின்று தன் தொழிலின் கஷ்டத்தைச் சொல்வார், போர்டு அந்த இடத்தின் கஷ்டத்தைக் கேட்கக் காத்திருக்கும்.

ஏன் இப்படி? 1920களில் அமெரிக்க வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் காலத்தில், மாநிலங்கள் பின்பற்றுவதற்காக ஒரு மாதிரி ஜோனிங் சட்டம் தயாரானது. ஒரே விதியை எல்லா நிலத்துக்கும் போட்டால் சரிவிலோ கோணலாகவோ கிடக்கிற ஒரு துண்டு நிலம் அநியாயமாக மாட்டிக்கொள்ளும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் போர்டும் விதிவிலக்கும். அதாவது வேரியன்ஸ் நிலத்துக்குக் கொடுக்கப்படுவது. நாளைக்கு நீங்கள் காலி செய்துவிட்டுப் போனாலும் அந்த அனுமதி அந்தச் சுவரோடு இருக்கும். உங்களுக்குப் பின் வருகிறவரும் அதே அளவில் பலகை மாட்டலாம். அப்படியிருக்க உங்கள் வாடகையைப் பார்த்து எப்படிக் கொடுப்பார்கள்?

(இதே காரணத்தால் கட்டட உரிமையாளரிடம் செலவில் பங்கு கேளுங்கள். நிரந்தரமாக லாபம் அடைபவர் அவர்தான். எப்படியும் மனுவில் அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும்.)

நியூ ஜெர்சியின் நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில், 40:55டி-70 என்ற பிரிவின் கீழ் உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. நில, நகரத் திட்டமிடல் செய்கிற என்னைப் போன்ற பிளானர்கள் அவற்றை சி-1, சி-2 என்போம்.

சி-1 என்பது கஷ்டத்தின் வழி. நிலத்தின் குறுகலோ வடிவமோ மேடுபள்ளமோ காரணமாக இருக்கலாம். அல்லது அந்த இடத்தையோ, அதில் சட்டப்படி ஏற்கனவே நிற்கிற கட்டடத்தையோ மட்டும் பாதிக்கிற அசாதாரணமான நிலைமை இருக்கலாம். அதனால் விதியை அப்படியே கடைப்பிடிப்பது மிதமிஞ்சிய சிரமமாக வேண்டும். "ஏற்கனவே நிற்கிற கட்டடம்" என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வாசல் ரோட்டுக்குப் பக்கவாட்டில் இருப்பது நீங்கள் செய்ததல்ல. பேங்க் முன்னால் நிற்பதும் நீங்கள் செய்ததல்ல. ஆனால் தெரியாமல் ஆர்டர் கொடுத்தது நீங்கள் செய்தது. கஷ்டத்தைத் தானே வரவழைத்துக்கொண்டவருக்கு இந்த வழி திறக்காது. ஆகவே ஆர்டர் பற்றி நீங்களாக வாயே திறக்க வேண்டாம். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள், சத்தியப் பிரமாணம் செய்துதான் பேசுவீர்கள்.

சி-2 என்பது நன்மையின் வழி. விதியிலிருந்து விலகுவதால் ஊருக்குக் கிடைக்கிற நன்மை, அதனால் வரும் கெடுதலைவிடக் கணிசமாகப் பெரியது என்று காட்ட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 1988-ல் காஃப்மன் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சொத்துக்காரரின் நோக்கம் மட்டும் நிறைவேறுமானால் சி-2 கிடையாது, பயன் சமூகத்துக்குப் போக வேண்டும். "பெரிய பலகை வைத்தால் எங்களுக்கு நோயாளிகள் அதிகம் வருவார்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும், உங்கள் மனுவை நீங்களே மூடிவிடலாம்.

எந்த வழியில் போனாலும், பொதுநலனுக்கும் ஊரின் ஜோனிங் திட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க பாதகம் இல்லை என்பதையும் நிரூபிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் சமூக நன்மை ஒன்று நிஜமாகவே இருக்கிறது. நியூ ஜெர்சி ஹைவேயில் ஒரு வாசலைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே வண்டி ஓட்டுகிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் தடுப்பு இருக்கும், இடதுபக்கம் திரும்ப முடியாது. அடுத்த ஜக்ஹேண்டில் (வலப்பக்கம் பிரிந்து திரும்ப விடுகிற கிளைச் சாலை) வரை போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். 45 மைல் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 66 அடி நகர்கிறது. முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் வருகிறவர், "இதுதானா, அடுத்ததா" என்று கடைசி நொடியில் பிரேக் போட்டால், பின்னால் வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு அது ஆபத்து. இது போக்குவரத்துப் பாதுகாப்பு. நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின் நோக்கங்களாக ஆரம்பத்திலேயே பட்டியலிட்டிருக்கிறவற்றில் பொதுப் பாதுகாப்பும் உண்டு, கண்ணுக்கு உகந்த சூழலும் உண்டு. முதலாவதைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவதைக் கெடுக்காமல் கேளுங்கள்.

கெடுக்காமல் என்றேனே, அங்கேதான் உங்கள் ஆர்டர் இடிக்கிறது. விதி கொடுப்பது 24 சதுர அடி. நீங்கள் கேட்பது 70, 70, ஆக 140. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. போர்டு உறுப்பினர் முதல் பக்கத்தில் இந்த எண்ணைப் பார்த்ததுமே நாற்காலியில் சாய்ந்துவிடுவார்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாலைப் பலகைகளை வடிவமைக்கிறவர்கள், ஒரு அங்குல எழுத்து 30 அடி தூரத்திலிருந்து படிக்கக் கூடியது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் 260 அடிக்கு ஒன்பது அங்குலம் போதும். அது கண் நல்லாயிருக்கிறவருக்கு, எதுவும் மறைக்காதபோது, நேராகப் பார்த்தால். ஓடும் வண்டியிலிருந்து பக்கவாட்டில் பார்ப்பவருக்காக இரட்டிப்பாக்குங்கள். 18 அங்குலம் வருகிறது. போர்டின் பிளானரும் இதே கணக்கைப் போடத் தெரிந்தவர்தான். மூன்றடி எழுத்து எதற்கு என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. 18 அங்குலம் எதற்கு என்று கேட்டால் இருக்கும்.

அடுத்து, ஒரு பலகையின் பரப்பை உங்கள் ஊர் எப்படி அளக்கிறது என்று விதியைத் திறந்து பாருங்கள். பின்பலகை இருந்தால் பலகை முழுவதையும் கணக்கில் எடுப்பதும், எழுத்துகளைத் தனித்தனியாகச் சுவரில் பதித்தால் அவற்றைச் சுற்றிப் போடுகிற செவ்வகத்தை மட்டும் எடுப்பதும் பல ஊர்களில் உள்ள முறை. உங்கள் ஊரும் அப்படியானால், பின்பலகையைத் தூக்கிவிட்டாலே நிறைய இடம் மிச்சம். போன் நம்பரையும் எடுத்துவிடுங்கள். ஹைவேயில் போகிறவர் யாரும் அதைக் குறித்துக்கொள்வதில்லை. "முதுகு, கழுத்து, விளையாட்டுக் காயங்கள்" என்ற துணை வரியும் போகட்டும். 18 அங்குல எழுத்தில் 16 அடி நீளத்துக்குப் பெயர் எழுதினால் சரியாக 24 சதுர அடி. விதி கொடுக்கிற இடத்திலேயே அடங்கிவிடுகிறது.

என் யோசனை இதுதான். முன்பக்கப் பலகைக்கு வேரியன்ஸே கேட்காதீர்கள். அதைப் பார்ப்பவர் ஏற்கனவே பார்க்கிங்கில் வந்து நிற்கிறவர், அவருக்கு 24 சதுர அடி தாராளம். அதற்கு நாளைக்கே பெர்மிட் போடலாம், போர்டுக்குப் போகும் வரை கிளினிக் பெயரில்லாமல் இருக்க வேண்டாம். பக்கச் சுவரின் மேல்பாதிக்கு மட்டும் இரண்டாவது பலகை கேளுங்கள், 36 சதுர அடி. 140 கேட்டவர் 60-க்கு வந்திருக்கிறார், அதுவும் ரோட்டைப் பார்க்கிற ஒரே சுவருக்காகக் கேட்கிறார். இப்படிப் போனால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இப்போதிருக்கிற வடிவில் போனால் அவ்வளவாக இல்லை.

36 எதற்கு, 24 போதாதா என்று நீங்களே கேட்கலாம். தமிழுக்காக.

பலகையில் என்ன மொழி இருக்க வேண்டும் என்று சொல்ல டவுன்ஷிப்புக்கு ஏறக்குறைய இடமே இல்லை. கலிஃபோர்னியாவில் பொமோனா நகரம், வேற்று எழுத்துகளில் பெயர் எழுதுகிற கடைகள் பலகையின் பாதியையாவது ஆங்கில எழுத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி போட்டது. ஆசிய அமெரிக்க வணிகர்கள் வழக்குப் போட்டார்கள். 1989-ல் ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதி அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தள்ளிவிட்டது. பிறகு 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அரிசோனாவின் கில்பர்ட் என்ற ஊரிலிருந்து ஒரு வழக்கு வந்தது. சிறிய தேவாலயம் ஒன்று, ஞாயிறு வழிபாட்டுக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகைகளை வைத்தது. அவ்வகைப் பலகைக்கு ஊர் கொடுத்த அளவு 6 சதுர அடி, கொள்கைக் கருத்து சொல்லும் பலகைக்கோ 20. பலகை என்ன சொல்கிறது என்பதைப் பார்த்து அளவை மாற்றுவது செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அளவு, உயரம், வெளிச்சம், எண்ணிக்கை ஆகியவற்றை ஊர் கட்டுப்படுத்தலாம். தமிழில் எழுதியிருப்பதற்காகப் போர்டில் யாராவது முகம் சுளித்தால், அவர்களுடைய வக்கீலே அவர்களை நிறுத்திவிடுவார். கதவு எண்ணை எல்லோரும் படிக்கும் இலக்கத்தில் வைத்துவிடுங்கள், ஆம்புலன்ஸ்காரருக்காக. அந்தக் கேள்வி மட்டும் நியாயமானது.

தமிழால் வருகிற நிஜமான சிக்கல் வேறு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தலையும் காலும் வெட்டியதுபோல் ஒரே உயரத்தில் நிற்கும். நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் இகரச் சுழியும் ஏறும், கீழே உகரம் இறங்கும். செவ்வகம் போடும்போது அந்தச் சுழிகளும் கணக்கில் வரும். அதே உயரத்தில் தமிழ் எழுத்தின் உடல் சிறுத்துப்போகும். அதனால்தான் கொஞ்சம் கூடுதல் இடம். இதை மனுவில் காரணமாகச் சொல்ல வேண்டாம், வரைபடத்தில் அளந்து காட்டினால் போதும்.

மருந்துக்கடைக்கு வருகிறேன். "அவர் வைத்திருக்கிறாரே" என்பது போர்டு ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிற வாதம். அந்தப் பலகை இன்றைய விதி வருவதற்கு முன்பே மாட்டியதாக இருக்கலாம், அப்படியானால் அதற்குப் பழைய உரிமை. அல்லது அவரும் வேரியன்ஸ் வாங்கியிருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் உங்களுக்கு அது புதையல். ஓப்ரா எனப்படும் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் டவுன்ஷிப் கிளார்க்கிடம் அந்த மாலின் பழைய தீர்மானங்களைக் கேளுங்கள். பொதுவாக ஏழு வேலை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு தீர்மானம் அடுத்ததைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "பேங்க் கட்டடம் மறைக்கிறது" என்று இதே போர்டு முன்பே எழுதி வைத்திருந்தால், அதை நீங்கள் புதிதாக நிரூபிக்கப் பாதி வேலைதான்.

மாலின் முகப்பில் எல்லாக் கடைப் பெயர்களும் அடுக்கிய தூண் பலகை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, அதில் ஒரு தட்டு காலியாக இருந்தால், போர்டின் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும். கட்டட உரிமையாளரிடம் இப்போதே கேட்டு, இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் யோசனை வேண்டாம். பெர்மிட் இல்லாமல் மாட்டினால் முனிசிபல் கோர்ட் வரை இழுக்கும். பல ஊர்களில் ஒவ்வொரு நாளையும் தனிக் குற்றமாக எண்ணுவார்கள். அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம், விதியை மதிக்காதவர் என்ற பெயரோடு அதே போர்டின் முன் நிற்க வேண்டியிருப்பது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போர்டு உறுப்பினர் யாரையாவது தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே பார்த்துப் பேசலாமா என்று இந்த மாதிரிக் கடிதங்களில் பின்குறிப்பாகக் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, நல்லது. அப்படிப் பேசினால் அவர் விலகிக்கொள்ள நேரும், உங்களுக்கு வந்திருக்கக்கூடிய ஒரு ஓட்டு போய்விடும்.

நடைமுறை எப்படியிருக்கும்? எல்எல்சி என்பதால் போர்டின் முன் வக்கீல் கட்டாயம் வேண்டும், நீங்களே வாதாட முடியாது. ஊர்க்காரராகவும், போர்டின் முன் அடிக்கடி வருகிறவராகவும் பாருங்கள். நியூ ஜெர்சியில் பிளானருக்கும் லைசென்ஸ் உண்டு. ஒரு பலகைக்கு எங்களைப் போன்றவர்கள் தேவையா என்றால், இரண்டாவது பலகைக்கு ஆம் என்பேன். சி-2-க்கு வேண்டிய சாட்சியத்தை யாராவது தொழில்முறையில் சொல்லியாக வேண்டும். (என் தொழிலுக்கு நானே சிபாரிசு செய்கிறேன் என்று நினைத்தால் தப்பில்லை, உங்கள் வக்கீலிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.) மனுக் கட்டணம் தவிர எஸ்க்ரோ என்று ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். போர்டின் சொந்த எஞ்சினியரும் பிளானரும் உங்கள் மனுவைப் படிக்கிற நேரத்துக்கு அதிலிருந்துதான் சம்பளம் போகும். குழப்பமான மனு கொடுத்தால் அவர்கள் குழம்புகிற நேரத்துக்கும் நீங்களே பணம் கட்டுவீர்கள்.

மனு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு 45 நாள். முழுமையானபின் முடிவெடுக்க 120 நாள். பலகை செய்பவர் "ஃபார்மாலிட்டி" என்றது இதைத்தான்.

200 அடிக்குள் சொத்து வைத்திருக்கிற எல்லோருக்கும் விசாரணைக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். பட்டியலை டவுன்ஷிப்பே சான்றளித்துத் தரும். பெயருக்கு 25 சென்ட் அல்லது 10 டாலர், இரண்டில் எது அதிகமோ அதுதான் உச்சக் கட்டணம். பொது அறிவிப்பும் தனியாக வெளியிட வேண்டும். இதில் ஒரு நாள் பிசகினாலும் விசாரிக்கவே போர்டுக்கு அதிகாரம் இல்லை. ஒருமுறை வரைபடம், புகைப்படம், சாட்சி எல்லாம் தயாராக வக்கீலோடு போய் உட்கார்ந்தோம். நோட்டீஸ் ஒன்பது நாள் முன்பு போயிருந்தது. பேசாமல் வீட்டுக்குத் திரும்பி, அடுத்த மாதம் மறுபடி போனோம். வாடிக்கையாளர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மௌனம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

விசாரணையன்று வார்த்தைகளைவிடப் படங்கள் பேசும். இரண்டு திசையிலும் வண்டி ஓட்டி வருகிற கோணத்தில், 500 அடியிலிருந்தும் 250 அடியிலிருந்தும் படம் எடுங்கள். மரங்களில் இலை இருக்கும்போது ஒன்று, முடிந்தால் இருட்டிய பிறகு ஒன்று. எதிரே வீடுகள் இருந்தால் வெளிச்சத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். கிளினிக் மூடியதும் பக்கப் பலகையின் விளக்கை அணைத்துவிடுகிறோம் என்று கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லுங்கள். அனுமதியில் அதை நிபந்தனையாக எழுதிக்கொள்வார்கள், உங்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

கூட்டம் உங்களுக்கு எதிராகப் போகிறது என்று தோன்றினால் ஓட்டுக்கு விடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி, அளவைக் குறைத்துத் திரும்பி வாருங்கள். ஒருமுறை நிராகரித்துவிட்டால் அதே மனுவை மறுபடி கொண்டுவர முடியாது, கணிசமாக மாற்றியிருக்க வேண்டும். ஜெயித்தாலும் அன்றிரவே ஏணியை எடுக்க வேண்டாம். தீர்மானம் எழுத்தில் வர 45 நாள் வரை ஆகலாம். அது வெளியான பிறகு அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போக இன்னொரு 45 நாள் இருக்கிறது. அந்தக் காலத்தில் மாட்டினால் உங்கள் பொறுப்பில் மாட்டுகிறீர்கள். பலகைக்கும் அதன் மின் இணைப்புக்கும் தனித்தனி பெர்மிட் வாங்குவதும் பாக்கி.

இதையெல்லாம் விட அவசரம் ஒன்று இருக்கிறது. பலகை செய்பவரை இன்றைக்கே கூப்பிட்டு, எழுத்துகளை வெட்ட ஆரம்பித்துவிட்டாரா என்று கேளுங்கள். இன்னும் இல்லையென்றால் 18 அங்குலத்துக்கு மாற்றச் சொல்லி, பின்பலகை இல்லாமல் புதிய வரைபடம் வாங்குங்கள். முன்பக்கத்துக்கு ஒன்று இப்போதைக்குப் போதும்.